கசிவை மீட்டமைக்க ஓர் ஆணை

மண்ணால் கட்டிய அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மனுஷனுக்கே வேர்க்கிறது. கசிகிற தண்ணீர் தெளிவாக இருக்கிறவரைக்கும் அணை தன்பாட்டுக்கு வேர்த்துக்கொண்டிருக்கிறது என்று விட்டுவிடலாம். கலங்கலாக வந்தால்தான் வினை. அணைக்கு உள்ளே இருக்கிற மண்ணைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் களவாடிக்கொண்டு வெளியே வருகிறது என்று அர்த்தம். திருடன் ஒருநாள் பெரிய மூட்டையாகத் தூக்குவான். அன்றைக்கு அணையும் இருக்காது, கீழே இருக்கிற தெருவும் இருக்காது.

இதைக் கண்டுபிடிக்க ஏழு மாடிக் கட்டிடம் தேவையில்லை. ஒரு கண்ணாடித் தம்ளர் போதும்.

மதகுக்காரர் இருபத்தாறு வருஷமாக அப்படி ஒரு தம்ளரோடுதான் காலம் தள்ளிவந்தார். தினம் காலையில் அணையின் மேலிருந்து நூற்றுநாற்பது படி இறங்கி, அடிவாரத்துச் சின்ன வாய்க்காலில் ஒரு தம்ளர் கசிவுநீரை மொண்டு, வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்து, பதிவேட்டில் 'தெளிவு' என்று எழுதுவார். பிறகு மேலேறிப் போய் மதகுச் சக்கரத்துக்கு எண்ணெய் போடுவார். ஒன்பதாயிரத்துச் சொச்சம் தடவை 'தெளிவு' எழுதிய கை அது. ஒருநாள் தம்ளரைத் தூக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது.

கீழே கொட்டிவிட்டு இன்னொரு தம்ளர் எடுத்தார். அதுவும் டீதான். வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே நடந்து போனால், அணைச் சரிவு முடிகிற இடத்தில், புதருக்குப் பின்னால், விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அதைச் சுற்றி எறும்புப் புற்றுபோல பொடிமண் குவிந்து, நடுவிலிருந்து தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

மதகுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஒரு சத்தம் போட்டால் கேட்கிற தூரத்தில் தெருவின் முதல் வீடு. அந்த வீட்டுக்குத்தான் அவருடைய ஒரே மகளைக் கட்டிக் கொடுத்திருந்தது. மனைவி போய்ச் சேர்ந்து எட்டு வருஷமான மனுஷனுக்கு உறவு என்று இருப்பது அந்த ஒரு பெண்தான். ஏழு மாசத்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அப்பாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவரும் கையை ஆட்டினார்.

வைத்தியம் அவருக்குத் தெரியும். துளையை அடைக்கக் கூடாது. அடைத்தால் தண்ணீர் வேறு இடம் பார்த்துக் கிளம்பும். முதலில் மணல், அதற்குமேல் சின்ன ஜல்லி, அதற்குமேல் கருங்கல் என்று அடுக்கடுக்காகப் போட்டால் தண்ணீர் மட்டும் வெளியே வரும், மண் உள்ளேயே நின்றுவிடும். மொத்தம் மூன்று லோடு. கதையே அந்த மூன்று லோடுதான்.

தம்ளரை மூடி எடுத்துக்கொண்டு உதவிப் பொறியாளரிடம் ஓடினார். உதவிப் பொறியாளர் நல்ல மனுஷன். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார், அதனால் ஊரில் அவருக்குப் பெயரே 'பார்க்கலாம் சார்'.

"சார், கலங்கலா வருது."

"பார்க்கலாம்."

"பார்த்துட்டுத்தான் வரேன் சார்."

பார்க்கலாம் சார் தம்ளரைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்: "என் அதிகாரத்துல ஒரு மண்வெட்டி வாங்கலாம். அதுக்குப் பிடி வேணும்னா மேல எழுதிக் கேக்கணும். மூணு லோடுன்னா வாரியம்தான்."

வாரியத்தின் முழுப்பெயர் 'அணைகள் பாதுகாப்பு மேம்பாட்டுத் திட்டமிடல் மற்றும் நிதி ஒருங்கிணைப்பு வாரியம்'. இதை ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் அங்கே வேலை கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பத்தொன்பது வருஷத்தில் வாரியம் ஓர் அணையைக்கூடத் தொட்டதில்லை என்று சில வயிற்றெரிச்சல்காரர்கள் சொல்வார்கள். அபாண்டம். அறுபத்திரண்டு அணைகளுக்குத் திட்டமிட்டிருக்கிறது. அதில் நாற்பதுக்குத் திருத்திய திட்டமும் இருக்கிறது.

வாரியத்தின் ஏழு மாடித் தலைமை அலுவலகத்தில் லிஃப்ட் பழுது. படியில் ஏறினால் இரண்டு பக்கமும் கோப்புக் கட்டுகள், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் போகிற அளவுக்கு வழி. தீப்பிடித்தால் தப்பிக்கிற கதவுக்குக் குறுக்கே நாலு இரும்பு பீரோ. பீரோக்களின் மேல் 'பாதுகாப்பே நம் மூச்சு' என்று பலகை. மூன்றாவது மாடியில் ஒரு அம்மா விண்ணப்பங்களுக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தார். கனிவான அம்மா. மதகுக்காரரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பேனாவைத் திறந்தார்.

"உங்க அணை இதுவரைக்கும் எத்தனை தடவை உடைஞ்சிருக்கு?"

"ஒரு தடவைகூட இல்லைங்க."

பேனா நின்றது. "ஒரு தடவைகூடவா?"

"இல்லைங்க."

"அப்ப சைபர். உயிர்ச்சேதம்?"

"ஐயையோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க."

"அதுவும் சைபரா? பயிர்ச்சேதம்? வீடு? ஆடு மாடு ஏதாவது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்லை."

மதகுக்காரருக்குக் கூச்சமாகிவிட்டது. பரீட்சைக்குப் படிக்காமல் வந்தவர்போல நெளிந்தார். அந்த அம்மா இவ்வளவு தூரம் இறங்கிவந்து கேட்கும்போது ஒன்றுமே இல்லை என்று எப்படிச் சொல்வது? "போன வருஷம் ஒரு ஆடு வாய்க்கால்ல விழுந்துச்சுங்க."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "செத்துச்சா?"

"இல்லைங்க. ஏறிப் போயிடுச்சு."

"ப்ச்" என்றார் அம்மா. உண்மையான வருத்தம்.

கடைசியில் நூற்றுக்குப் பதினொன்று வந்தது. விண்ணப்பத்தை அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பியதற்குப் பத்து, நேரில் வந்ததற்கு ஒன்று. குறைந்தது அறுபது வேண்டும்.

"உடைஞ்ச அணைங்க எல்லாம் தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சுன்னு நிக்குது. அதுங்களை விட்டுட்டு உங்களுக்கு எப்படிங்க குடுக்கிறது? நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"உடைஞ்ச அணைக்கு எதுக்கும்மா பாதுகாப்பு?"

"அது கொள்கை முடிவு" என்றார் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதைவிடப் பெரிய சிக்கல் வேற இருக்கு. நீங்க கேக்கிறது மூணு லோடு. இவ்வளவு சின்னத் தொகைக்கு எங்க திட்டத்துல தலைப்பே கிடையாது. நாலாவது மாடிக்குப் போங்க. ஆலோசகர் பெருசு பண்ணிக் குடுப்பாரு."

நாலாவது மாடி ஆலோசகர் மேஜையில் ஒரு காகிதம்கூட இல்லை. எல்லாம் மண்டைக்குள்ளேயே இருந்தது. "மணல்னு எழுதலாமா? எவன் மதிப்பான்?" என்று ஆரம்பித்தார். "துகள்நிலை வடிகட்டு அரண். ஜல்லி வேண்டாம், இடைநிலை அரண். கல்லு?"

"கல்லுதாங்க."

"மேல்நிலை அரண்."

பிறகு அவர் எழுத எழுத அணை வளர்ந்தது. மலைமேல் ஆய்வாளர்கள் தங்க எட்டு அறை மாளிகை. இரவிலும் ஒளிரும் பெயர்ப்பலகை. வெள்ளம் வந்தால் மீட்க இரண்டு படகு, படகு நிறுத்த ஒரு கொட்டகை, கொட்டகைக்குக் காவலாளி. அணைகள் எப்படிக் கசிகின்றன என்று பார்த்து வர பன்னிரண்டு பேர் வெளிநாட்டுப் பயணம். இரண்டு மாதத்தில் நான்கு தடவை மதகுக்காரர் அலைந்தார். பஸ் கண்டக்டர் இவரைக் கண்டாலே "வாரியமா?" என்று கேட்டு டிக்கெட் கிழித்தார். நாலாம் தடவை போனபோது திட்டம் ஆயிரத்து நானூறு பக்கம் ஆகி, தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாவது ஒரு குரங்கோடு நின்றது.

"சார், நம்ம மூணு லோடு?"

"இருக்கே. பக்கம் ஆயிரத்து நூத்து அறுபத்து மூணு, அடிக்குறிப்பு."

ஐம்பத்தெட்டுப் புள்ளி வந்துவிட்டது என்றார் ஆலோசகர். இன்னும் இரண்டுதான் பாக்கி. அதற்கும் விதி இருந்தது. கமிட்டி நேரில் வந்து, கசிவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாற்பத்தைந்து நிமிஷம் அதைக் கண்ணால் பார்த்து, அங்கேயே தீர்மானம் போட்டால் இரண்டு புள்ளி. கசிவு சம்பந்தமாகத் தீர்மானம் போடுவதோ, போட்ட ஆணையை ரத்து செய்வதோ அந்த இடத்தில் கூடித்தான் செய்ய வேண்டும். மேஜையில் உட்கார்ந்துகொண்டே முடிவெடுக்கிறார்கள் என்று யாரோ ஒருகாலத்தில் குறை சொன்னதன் விளைவு அது.

"எப்ப சார் வருவாங்க?"

"மழைக்கு அப்புறம்."

"மழையிலதானே சார் ஆபத்து?"

"அதனாலதான் அப்புறம்."

இந்த இரண்டு மாதத்தில் விரல் நுழைந்த துளையில் மணிக்கட்டு நுழைந்தது. பொடிமண் குவியல் முழங்கால் உயரத்துக்கு வந்தது. மலையில் மேகம் இறங்கி, பதினாறு அடியில் கிடந்த நீர்மட்டம் தினம் அரை அடி ஏறிக்கொண்டிருந்தது. மகளுக்கு ஒன்பது மாசம். மதகுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு காலையில் மகள் வீட்டுக்குப் போய் நின்றார்.

அந்த வீட்டின் அதிகாரம் அவருடைய சம்பந்தியம்மா கையில். மாப்பிள்ளை டிராக்டர் ஓட்டுகிறவர், வீட்டில் பேசுவதை அம்மாவிடம் விட்டுவிட்டவர். சம்பந்தியம்மா வாயைத் திறந்தால் மூடுவதற்கு இரண்டு ஆள் வேண்டும் என்பது தெருவின் கணிப்பு.

"பாப்பாவை அணைமேல என் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்க் கொஞ்ச நாள் வச்சுக்கறேன் சம்பந்தியம்மா."

"ஒன்பது மாசத்துக்காரி நூத்து நாப்பது படி ஏறுவாளா? உங்களுக்கு மூளை கீளை கலங்கிப் போச்சா?"

"மூளை இல்லைங்க. தண்ணி கலங்கிப் போச்சு" என்றவருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

சம்பந்தியம்மா குரலை உயர்த்தவில்லை. அதுவே மதகுக்காரரைக் கலவரப்படுத்தியது.

"ரெண்டு மாசமா தெரியும். ஒரு வார்த்தை சொல்லலை."

"ஜனங்களுக்குப் பீதி உண்டாக்கக் கூடாதுன்னு விதிங்க. வாரியம் பார்த்துக்கும்னு நம்பினேன்."

"உங்க பொண்ணைத் தூக்கிட்டுப் போயிடுவீங்க. இந்தத் தெருவுல நானூறு வீடு இருக்கே, அத்தனை பேரையும் உங்க ஒத்தை ரூம்ல படுக்க வைப்பீங்களா?"

மதகுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பெற்ற பாசத்தில் அந்தக் கணக்கு அவருக்குத் தோன்றவே இல்லை. நினைத்தபோது தன்மீதே அருவருப்பாக இருந்தது.

"என்ன வேணும்னு சொன்னீங்க? மணலு, ஜல்லி, கல்லு. அங்க குமிஞ்சு கிடக்கே, அது என்ன, அரிசி மூட்டையா?"

வீட்டுப் பக்கவாட்டில் மூன்று குவியல் கிடந்தது. பிறக்கப்போகிற குழந்தைக்கென்று ஒரு அறை எடுக்க, மாப்பிள்ளை ஒரு வருஷமாகச் சேர்த்துப் போட்டு வைத்தது.

"அது குழந்தைக்கு ரூம் கட்ட வச்சதுங்களே."

"ரூம் இல்லாட்டி குழந்தை கூடத்துல வளரும். வீடே இல்லாட்டி எங்க வளரும்? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? எழுந்திரிங்க சம்பந்தி. டேய், வண்டியை எடுடா!"

மாப்பிள்ளை டிராக்டரை எடுத்தார். சம்பந்தியம்மா தெருவில் இறங்கி ஒரு குரல் கொடுத்தார், கூடையும் சட்டியுமாக ஊரே வந்துவிட்டது. மதகுக்காரர் துளைக்கு முன்னால் மண்டிபோட்டு, மணலைத் தன் கையாலேயே பரப்பினார். மேலே ஜல்லி. அதற்குமேல் கல். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. தண்ணீர் நிற்கவில்லை, நிற்கவும் கூடாது. இரண்டு மணி நேரம் மங்கலாக வந்தது, அப்புறம் மெல்ல வெளுத்தது. சாயங்காலம் ஒரு தம்ளர் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். அந்தப் பக்கம் நின்ற சம்பந்தியம்மாவின் மூக்குத்திகூடத் தெரிந்தது. மனுஷன் அழுதே விட்டார்.

மூன்றாம் நாள் பேரன் பிறந்தான். கூடத்து மூலையில் ஒரு திரையைக் கட்டி, அதுதான் அவன் அறை என்றார்கள்.

இங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் மதகுக்காரர் யோக்கியர். முதல் மழை ஓய்ந்து, கமிட்டி வரப்போவதாக வாரியத்திலிருந்து கடிதம் வந்ததும், 'ஐயா, கசிவைச் சரிசெய்துவிட்டோம், தண்ணீர் தெளிவாக வருகிறது, அணையைப் பலப்படுத்தும் மற்ற வேலைகளுக்கு மட்டும் உதவினால் போதும்' என்று பதில் எழுதிப் போட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார் என்று சொல்லத் தேவையில்லை. ஒரே வாரத்தில் பதிவுத் தபால் வந்தது. வாரிய சரித்திரத்திலேயே இவ்வளவு வேகமாக ஒரு பதில் போனதில்லை.

'பொருள்: கசிவை மீட்டமைத்தல். தாங்கள் எவ்வித முன்னனுமதியுமின்றி மேற்படி கசிவைக் கட்டுப்படுத்தியதன் மூலம், வாரியத்தின் பரிசீலனையில் இருந்துவந்த ஆபத்துக்குச் சேதம் விளைவித்துள்ளீர்கள். ஆய்வு நாளன்று கமிட்டியின் முன்னிலையில் கசிவை அதன் முந்தைய நிலைக்கு, கலங்கல் நிறம் உட்பட, மீட்டமைக்குமாறு இதன்மூலம் ஆணையிடப்படுகிறது. கசிவு முழுப் பொலிவுடன் தென்படும் பொருட்டு, அதுவரை நீர்மட்டம் முழுக் கொள்ளளவில் பராமரிக்கப்பட வேண்டும். தவறினால் தங்கள் ஓய்வூதியம் மறுபரிசீலனைக்கு உட்படுத்தப்படும்.'

பார்க்கலாம் சார் அதை மூன்று தடவை படித்தார். மூன்றாம் தடவை கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இருபது வருஷ சர்வீஸ்ல முதல் தடவையா சொல்றேன். இதை என்னால பார்க்க முடியலை."

"நான் என்ன சார் பண்றது?"

"லீவு போட்டுட்டு எங்கயாவது போயிடுங்க."

"நான் போனா எனக்குப் பதிலா வேற ஆள் வந்து கல்லை எடுத்துடுவானே சார்."

உதவிப் பொறியாளர் கடிதத்தை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

கமிட்டி வந்தது. ஏழு கார், பன்னிரண்டு பேர். அணையடியில், கற்குவியலுக்குப் பத்தடி தள்ளி, துணிப்பந்தல் போட்டுப் பன்னிரண்டு மெத்தை நாற்காலி. தலைக்குமேல் மலைமாதிரி எழும்பி நிற்கிற மண்சரிவு, அதற்கு அந்தப் பக்கம் விளிம்புவரை முப்பத்தோரு அடித் தண்ணீர். வானம் இருட்டிக்கொண்டு நின்றது. தெரு ஜனங்கள் கயிற்றுக்கு வெளியே கூடியிருந்தார்கள். வாரியத் தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"பெரியோர்களே, பத்தொன்பது ஆண்டுகளில் நம் வாரியத்தின் பணிகளில் ஒரு தொழிலாளிக்குச் சிறு கீறல்கூட ஏற்பட்டதில்லை. காரணம் என்ன? எந்தப் பணியையும் நாம் அவசரப்பட்டுத் தொடங்கியதில்லை. பழுதை ஏன் உடனே சரிசெய்யவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். சரிசெய்துவிட்டால் எதை வைத்துத் திட்டமிடுவது? திட்டம் இல்லாவிட்டால் நிதி வராது. நிதி வராவிட்டால் வாரியம் இருக்காது. வாரியம் இல்லாவிட்டால், நான் கேட்கிறேன், உங்கள் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? இந்த அணை, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், முற்றிலும் பாதுகாப்பானது. அதன் ஆபத்தைப் போக்க நாம் எந்தத் தியாகத்துக்கும் தயார்!"

உறுப்பினர்கள் கை தட்டினார்கள். தலைவர் உட்கார்ந்து, "ம், கசிவைத் திறக்கலாம்" என்றார்.

மதகுக்காரர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கற்குவியலுக்குப் போனார். கயிற்றுக்கு வெளியே மகள் நின்றுகொண்டிருந்தாள். குனிந்து முதல் கல்லில் கடப்பாரையை வைத்தவர் அப்படியே திரும்பினார்.

"ஐயா, ஒரு சந்தேகம்ங்க."

"சொல்லுங்க."

"எல்லாரும் கடைசிவரைக்கும் இங்கயே இருப்பீங்கல்லங்க?"

"விதியே அதானேப்பா. நாற்பத்தைந்து நிமிஷம்."

"அப்பச் சரிங்க. முன்னால தண்ணி பதினாறு அடி இருந்துச்சு, இன்னிக்கு முப்பத்தொண்ணு. கல்லை எடுத்தா முதல்ல கலங்கல் வரும். அப்புறம் மண்ணாவே வரும். ஓட்டை மணிக்கட்டு அளவு ஆகற வரைக்கும் ஓரளவு எனக்கு அனுபவம் உண்டுங்க. அதுக்கு மேல எத்தனை நிமிஷத்துல என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. தனியா பண்ண பயமா இருந்துச்சு. ஐயாமாரு எல்லாரும் பக்கத்துல உக்காந்திருக்கீங்க, அதான் ஒரு தைரியம்."

அவர் நக்கல் செய்யவில்லை. நக்கல் செய்யத் தெரிந்த மனுஷனாக இருந்தால் புள்ளி போடுகிற அம்மாவிடம் ஆடு செத்தது என்று சொல்லியிருப்பார்.

நிதி உறுப்பினர் அணையைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். பிறகு அவருக்கு அவசர போன் ஒன்று வந்தது, மணி அடிக்காமலே வந்தது. அதை எடுத்துக்கொண்டு படிப் பக்கம் போனார். சட்ட உறுப்பினருக்கு சிக்னல் கிடைக்கவில்லை, மேலே போனால் கிடைக்கும் என்றார். சுற்றுச்சூழல் உறுப்பினர் அணையை முழுமையாகப் பார்க்க உயரமான கோணம் தேவை என்றார். ஆலோசகர் காரணம் எதுவும் சொல்லவில்லை, இரண்டு இரண்டு படியாக ஏறினார். ஒரு நிமிஷத்தில் பதினொரு நாற்காலி காலி. தலைவர் கடைசியாக எழுந்து, அவசரமில்லாதவர்போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார்.

"ஐயா, நில்லுங்க!"

சம்பந்தியம்மா கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்.

"பத்து நிமிஷம் இங்க உக்கார உங்களுக்கு உசுரு வெல்லமா இருக்கு. அந்தா தெரியுது பாருங்க, அந்த வீட்டுல பதினெட்டு நாள் குழந்தை தூங்குது. ராத்திரியும் பகலும் அங்கதான் தூங்குது. அதுக்கு எந்தப் படி? அதை யாரு தூக்கிட்டு ஓடுறது? சொல்லிட்டுப் போங்க!"

தலைவர் அந்த வீட்டைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். பத்தொன்பது வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"அம்மா, அது வருவாய்த்துறை" என்று சொல்லிவிட்டு மேலேறினார்.

மதகுக்காரர் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே ஏறினார். உச்சியில் கார்கள் உறுமிக்கொண்டு நின்றன. தலைவர் மூச்சு வாங்க, நாலாபக்கமும் பார்த்துவிட்டு, அவர் காதோரம் குனிந்தார். "இந்தாப்பா, அந்தக் கல்லை மட்டும் எடுத்துத் தொலைச்சிடாதே. புண்ணியமாப் போகும்."

அன்றைக்கு வாரியம் பேசிய ஒரே மனுஷப் பேச்சு அது. மதகுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரிங்கய்யா. அதையே எழுத்துல குடுத்துட்டீங்கன்னா..."

"எழுத்துலயா?" தலைவர் பதறிப்போனார். "ஆணையை ரத்து பண்ணணும்னா கமிட்டி மறுபடியும் கசிவுக்குப் பக்கத்துல கூடணும்ப்பா." நூற்றுநாற்பது படியையும் ஒரு தடவை கீழே எட்டிப் பார்த்தார். "அடுத்த கூட்டத்துல வச்சுக்கலாம்."

கார்கள் போன தூசி அடங்குவதற்குள் மலையில் இடி இறங்கியது. பார்க்கலாம் சார் மதகு மேடையில் தனியாக நின்றுகொண்டிருந்தார். விளிம்பில் தளும்புகிற தண்ணீரைப் பார்த்தார், கீழே தெருவைப் பார்த்தார்.

"மதகைத் திறங்க" என்றார்.

"சார், முழு மட்டத்துல வைக்கணும்னு ஆணை..."

"நான் சொல்றேன், திறங்க. நாலு அடி இறங்கட்டும்." சொன்னதோடு விடாமல் பதிவேட்டை வாங்கி, 'என் வாய்மொழி உத்தரவின் பேரில்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். கையெழுத்துத் தெளிவாக இருந்தது. இரண்டு பேரும் சக்கரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுற்றினார்கள். அந்த மழையை அணை தாங்கியது.

வாரியம் சும்மா இருக்கவில்லை. நீர்மட்டம் குறைந்ததால் ஆபத்து குறைந்து, அதனால் அணையின் புள்ளி ஐம்பத்தெட்டிலிருந்து ஒன்பதாக இறங்கிவிட்டதாகவும், விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதாகவும் கடிதம் வந்தது. பார்க்கலாம் சாருக்கு விளக்கம் கேட்டுத் தனிக் கடிதம்: 'எந்த விதியின்படி ஆபத்து குறைக்கப்பட்டது?' பந்தலைக் காற்று தூக்கிப் போய்விட்டது. பன்னிரண்டு மெத்தை நாற்காலியும் அணையடியில் அப்படியே கிடக்கின்றன. இறங்கிவந்து எடுத்துப் போக வாரியத்தில் ஆள் இல்லை. சாயங்காலத்தில் தெருப் பெண்கள் அதில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். தலைவர் நாற்காலி சம்பந்தியம்மாவுக்கு. மடியில் பேரன்.

கசிவை மீட்டமைக்கும் ஆணை மட்டும் இன்னும் ரத்தாகவில்லை. மாசம் தவறாமல் நினைவூட்டல் வருகிறது: 'மேற்படி கசிவு ஏன் இன்னும் மீட்டமைக்கப்படவில்லை?'

மதகுக்காரரும் மாசம் தவறாமல் பதில் போடுகிறார். முன்னெல்லாம் இப்படி ஒரு கடிதத்தைப் பார்த்தால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். இப்போது வருவதில்லை. நிதானமாக உட்கார்ந்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறார்:

'ஐயா, தங்கள் ஆணையை நிறைவேற்றக் காத்திருக்கிறேன். கமிட்டி உறுப்பினர்கள் பன்னிரண்டு பேரும் அணையடியில் வந்து உட்காரும் நாளைத் தெரிவித்தால், கடப்பாரையோடு நிற்கிறேன்.'